ஃபோர்ஃபே என்றால் இரண்டு அர்த்தம்

பிரெஞ்சில் 'ஃபோர்ஃபே' என்று ஒரு வார்த்தை உண்டு. இதெல்லாம் சேர்த்து இவ்வளவு என்று மொத்தமாகப் பேசி முடிக்கிற விலைக்கு அந்தப் பெயர். நம் பிள்ளைகள் இப்போது 'பேக்கேஜ்' என்கிறார்களே, அதுதான். அதே எழுத்துக்களில், அதே உச்சரிப்பில் இன்னொரு 'ஃபோர்ஃபே'யும் உண்டு. அதற்குப் பெருங்குற்றம், மாபாதகம் என்று அர்த்தம். இரண்டும் வேறு வேறு வேரிலிருந்து வந்தவை என்று எங்கள் பிரெஞ்சு வாத்தியார் கரும்பலகையில் எழுதிக் காட்டியிருக்கிறார். வேர் எதுவாக இருந்தாலும் இருக்கட்டும். உல்லாசக் கப்பலில் ஏழு இரவு இருந்துவிட்டு வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தான்.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலைக்குப் பக்கத்தில் காலை ஆறு மணிக்குக் கூடுகிற எங்கள் கோஷ்டியில் இப்போது கப்பல் பேச்சுதான். பாதிப் பேருக்குப் பிள்ளைகள் பிரான்சில். அப்பா அம்மாவை வரவழைத்து ஈஃபில் கோபுரம் காட்டியாயிற்று, லூர்து காட்டியாயிற்று, அடுத்தது கப்பல். போய் வந்தவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். "வாழ்க்கையில ஒரு தடவை போறோம், கேட்கிறதையெல்லாம் வாங்கிடணும்" என்பது முதல் கட்சி. "டிக்கெட் காசுக்கு மேல ஒரு சல்லி கொடுக்கக் கூடாது. பில்லுல டிப்ஸ்னு ஒண்ணு போடுவான், அதையும் கவுண்ட்டர்ல சொல்லி அடிச்சிடணும்" என்பது இரண்டாவது கட்சி. முதல் கட்சி பணத்தைத் தொலைக்கிறது. இரண்டாவது கட்சி மானத்தைத் தொலைக்கிறது. எனக்கு இரண்டு கட்சியோடும் சண்டை. வாயால் போட்டால் நடை நின்றுவிடுகிறது, ஆகவே எழுத்தில் போடுகிறேன்.

இதைப் பேச எனக்கென்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். முப்பத்தாறு வருஷம் அரசாங்கத்தில் குமாஸ்தா. அதில் பெரும்பகுதி கணக்குப் பிரிவு. அடுத்தவர்களின் பயணப்படி பில்லைச் சரிபார்ப்பதே என் பிழைப்பு. இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்கு எத்தனை கிலோமீட்டர், ரயில் இருக்கும்போது டாக்சி எதற்கு, மத்தியானச் சாப்பாடு போட்ட கூட்டத்துக்கு முழு தினப்படி எப்படி என்றெல்லாம் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதியே ஓய்வு பெற்றவன். பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் அழைத்ததன் பேரில் நானும் மனைவியும் மர்செய் துறைமுகத்தில் கப்பலேறினோம். ஜெனோவா, சிவிடாவெக்கியா, பலெர்மோ, மால்டாத் தீவின் வலெட்டா, ஒரு நாள் முழுக்கக் கடல், பிறகு பார்சலோனா, மறுபடி மர்செய். எங்கள் இருவர் வயதையும் கூட்டினால் 144. கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். நான் சொல்லப் போவது அநேகமாக எல்லாக் கம்பெனிக்கும் பொருந்தும்.

2022 ஜூன் மாதம் ஞாபகம் இருக்கிறதா? சென்னையிலிருந்து புறப்பட்ட ஓர் உல்லாசக் கப்பல் புதுச்சேரிக்கு வருகிறது என்றதும் நம் ஊர் இரண்டுபட்டது. கப்பலில் சூதாட்டம் இருக்கிறது, கலாசாரம் கெட்டுவிடும் என்று எதிர்ப்பு. கடைசியில் நம் அரசு அனுமதி கொடுக்கவில்லை. அப்போதும் எங்கள் கோஷ்டியில் காரசாரமான பேச்சு. எல்லோரும் சூதாட்ட மேசையைப் பற்றித்தான் பேசினார்கள். விலைப் பட்டியலைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. சூதாட்ட மேசைப் பக்கம் போகாமல் இருக்க நம்மவர்களுக்குத் தெரியும். தண்ணீர் பாட்டில், காபி, இன்டர்நெட், பேருந்து, போட்டோ என்று சிரித்துக்கொண்டு நீளும் கைகளிடம் 'வேண்டாம்' என்று சொல்லத்தான் தெரியாது.

இது சில்லறை விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். உலகத்திலேயே பெரிய உல்லாசக் கப்பல் நிறுவனம் கார்னிவல். 2023-ஆம் வருஷத்தில் அதன் மொத்த வருமானம் ஏறத்தாழ 2,159 கோடி டாலர். அதில் டிக்கெட் விற்று வந்தது 1,407 கோடி. மீதி 752 கோடி, கப்பலுக்குள் நடக்கும் விற்பனையும் அதைச் சேர்ந்த இனங்களும். அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே. டிக்கெட் ஏன் அவ்வளவு மலிவாக இருக்கிறது என்று ஆச்சரியப்படுகிறோமே, பதில் இதுதான். தூண்டிலில் புழுவை மீனுக்கு இலவசமாகத்தான் கொடுக்கிறார்கள்.

நம் ஊர்ப் பழைய ஆட்களுக்குக் கப்பல் புதிதில்லை. மெஸ்ஸாழ்ரி மாரித்தீம் கம்பெனிக் கப்பலில் சைகோனுக்கும் மர்செய்க்கும் போய் வந்த சொல்தாக்களும் குமாஸ்தாக்களும் ஒவ்வொரு தெருவிலும் இருந்தார்கள். கரையிலிருந்து சலங்கில் ஏறி, ஆழத்தில் நங்கூரமிட்டு நிற்கும் கப்பலுக்குப் போன கதையை என் பெரியப்பா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் கப்பல்களில் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பு என்று வகுப்புகள் உண்டு. அநியாயமான ஏற்பாடுதான். ஆனால் டிக்கெட் வாங்குகிற அன்றைக்கே நீ எந்த வகுப்பு என்பது தீர்ந்துவிடும். இன்றைக்கு வகுப்பு இல்லை, எல்லோரும் சமம் என்று சொல்லி ஏற்றிக்கொள்கிறார்கள். ஏறிய பிறகு காலையும் மாலையும் வகுப்பை விற்கிறார்கள். உன் கழுத்துப் பட்டையின் நிறம் என்ன, உன் அட்டையில் என்ன கோடு, நீ எந்த வரிசையில் நிற்கிறாய் என்று பக்கத்து ஆளுக்குத் தெரியும்படி விற்கிறார்கள். அந்தக் கூச்சம்தான் சரக்கு.

முதலில் பானப் பேக்கேஜ். நாங்கள் போன கப்பலில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 40 யூரோ. ஒரே அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவர் வாங்கினால் மற்றவரும் வாங்கியாக வேண்டும். பல கம்பெனிகளில் இந்த விதி உண்டு. கணவர் குடிப்பார், மனைவி வெந்நீர்தான் குடிப்பாள் என்றாலும் வெந்நீருக்கும் 40 யூரோ. ஏழு நாள், இரண்டு பேர், 560 யூரோ. யூரோ 90 ரூபாய் என்று போட்டால் ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல். நம்மில் பலருக்கு இது ஒரு மாதப் பென்ஷன்.

எதிர்க் கணக்கையும் பாருங்கள். மேல்தளத்து பஃபேயில் குழாய்த் தண்ணீர் இலவசம். காலைப் பலகாரத்தோடு காபி, டீ இலவசம். இரவு மேசையில் ஒரு பாட்டில் தண்ணீர் 3 யூரோ, அது இருவருக்கும் போதும். பிற்பகலில் ஆளுக்கு ஒரு காபி, தலா இரண்டரை யூரோ. ஒரு நாள் விட்டு ஒரு நாள் எனக்கு ஒரு கிளாஸ் வைன், 7 யூரோ. பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்தில் படித்தவன், அவ்வளவு மரியாதையாவது செய்ய வேண்டாமா? ஆக ஏழு நாளுக்கும் சேர்த்து 80 யூரோ சொச்சம். 560 எங்கே, 80 எங்கே! ஏறுகிற நாள் மாலையில்தான் ஏறுகிறோம், அதற்கும் முழு நாள் காசு. ஊர் சுற்ற இறங்கிய நாட்களில் எட்டு மணி நேரம் கப்பலிலேயே இல்லை, அதற்கும் காசு. பயணப்படி பில்லில் இப்படி எழுதிக்கொண்டு வந்திருந்தால் நான் திருப்பி அனுப்பியிருப்பேன்.

பணத்தைவிடப் பெரிய சங்கதி ஒன்று உண்டு. 'ரான்தபிலிசே' என்று பிரெஞ்சில் ஒரு வினைச்சொல். போட்ட காசை எடுப்பது என்று அர்த்தம். எங்கள் மேசையில் உட்கார்ந்த லியோன் நகரத்துப் பெரியவர் ஒருவர், எண்பதை ஒட்டிய வயது, மூன்றாவது நாளே தளர்ந்துவிட்டார். ஆரஞ்சுச் சாறு, ஐஸ் போட்ட காபி, பீர், இரவில் ஒரு கலவை மது. எதுவும் அவர் ஆசைப்பட்டுக் கேட்டதில்லை. "ரான்தபிலிசே பண்ண வேண்டாமா முசியே?" என்று என்னிடமே கேட்டார். பையன் முன்கூட்டியே கட்டிவிட்ட பேக்கேஜ், வீணாகப் போகக் கூடாதாம். அவருக்குச் சர்க்கரை வியாதி. காசு மகனுடையது, சிறுநீரகம் அவருடையது என்பதை யாரும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. கார்னிவல் கம்பெனியின் மதுப் பேக்கேஜில் 24 மணி நேரத்துக்கு 15 கோப்பை என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உச்சவரம்பே 15 என்றால் சாதாரணமாக எவ்வளவு எதிர்பார்க்கிறார்கள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். எழுபது வயதுக்காரனுக்கு இது விருந்தா, வைத்தியச் செலவுக்கு முன்பணமா?

"வாழ்க்கையில ஒரு தடவை" என்கிற வாதத்துக்கு வருகிறேன். ஒரு தடவைதான் போகிறோம், ஒப்புக்கொள்கிறேன். அந்த ஒரு தடவையில் நமக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது? பலெர்மோ துறைமுகத்துக்குள் விடியற்காலையில் கப்பல் நுழைந்தபோது மலை மேல் விழுந்த வெயில் எனக்கு ஞாபகம் இருக்கிறது. வலெட்டாவின் மஞ்சள் கல் மதில்கள் இரண்டு பக்கமும் எழுந்து நிற்க, நடுவே கப்பல் ஊர்ந்தது ஞாபகம் இருக்கிறது. தளத்தில் நின்று பார்ப்பதற்குக் காசு கிடையாது. ஒரு தடவை வருகிற காரியம் என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கல்யாணம்கூட ஒரு தடவைதான். சமையல்காரர் கொடுத்த பட்டியலை யார் பார்க்காமல் விட்டார்கள்?

அடுத்தது 'முன்னுரிமை'. முன்னால் ஏற ஒரு காசு, முன்னால் இறங்க ஒரு காசு, சாப்பாட்டு நேரத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு காசு. இந்தச் சரக்கைப் பார்த்ததும் எனக்குப் பழைய வாசனை அடித்தது. கோப்பு நகர்வதற்குக் காபிக் காசு என்று ஒன்று உண்டே, அதேதான். எப்படியும் நடக்க வேண்டிய காரியத்தைத் தாமதப்படுத்தி, தாமதத்தை நீக்குவதற்கு விலை வைப்பது. சர்க்கார் ஆபீசில் செய்தால் லஞ்ச ஒழிப்புக்காரர் வருவார். கப்பலில் செய்தால் 'பிரீமியம்' என்று அட்டை கொடுக்கிறார்கள். ஆயிரக்கணக்கானவர் ஏறுகிற கப்பலில் எல்லோரும் முன்னுரிமை வாங்கினால் பின்னுரிமை யாருக்கு? கால் முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி உதவி கேட்டால் கிடைக்கிறது, அதற்குத் தனிக் காசு கிடையாது. டிக்கெட் போடும்போதே எழுதிக் கேட்க வேண்டும். உண்மையில் நமக்குத் தேவையான முன்னுரிமை அதுதான்.

கரைச் சுற்றுலா விஷயத்தில் நான் முதல் கட்சிக்குப் பாதி இடம் கொடுப்பேன். ஒரே பதில் எல்லாத் துறைமுகத்துக்கும் ஒத்து வராது. சிவிடாவெக்கியாவில் இறங்கினால் ரோமாபுரி என்று விளம்பரத்தில் போட்டிருக்கும். இறங்கிப் பார்த்தால் ரோம் அங்கிருந்து சாலை வழியாக ஏறக்குறைய 80 கிலோமீட்டர், நம் ஊரிலிருந்து மதுராந்தகத்தைத் தாண்டிப் போகிற தூரம். ரயில் உண்டு, சாதாரண வண்டிக்கு ஏறக்குறைய 5 யூரோதான். கப்பல்காரர் பேருந்துக்கு அதைப் போலப் பதின்மடங்கு கேட்பார். இளவட்டங்கள் ரயிலில் போகட்டும். நம் வயதுக்காரர்கள் இந்த ஓர் இடத்தில் கப்பல் பேருந்துக்கே காசு கொடுக்கலாம் என்பது என் தீர்ப்பு. காரணம் சொகுசு இல்லை. கப்பல் ஏற்பாடு செய்த பேருந்து தாமதமானால் கப்பல் அதற்காகக் காத்திருக்கும். நாமாகப் போன ரயில் தாமதமானால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில்தான் போய்ச் சேர வேண்டும், மருந்துப் பெட்டி கப்பலில் இருக்கும்.

ஆனால் அதே பயத்தைக் காட்டி மற்ற ஊர்களுக்கும் டிக்கெட் விற்கிறார்களே, அங்கேதான் எனக்கு ஆட்சேபணை. ஜெனோவாவில் கப்பல் நிற்கும் இடத்திலிருந்து பெரிய ரயில் நிலையம் நடக்கிற தூரம், பழைய ஊர் அதற்கு அடுத்தாற்போல. பலெர்மோவில் துறைமுக வாசலைத் தாண்டினால் ஊர். வலெட்டாவில் துறைமுகக் கரையிலிருந்து மேலே தோட்டத்துக்கு ஏறக்குறைய 58 மீட்டர் உயரத்துக்குப் பொது மின்தூக்கி ஒன்று போட்டிருக்கிறார்கள், கட்டணம் அற்பம். பார்சலோனாவில் கொலம்பஸ் தூண் வரை துறைமுகப் பேருந்து போகிறது, சில யூரோ. இங்கெல்லாம் ஆளுக்கு நாற்பது, ஐம்பது யூரோ கொடுத்துக் குடை பிடித்த பெண்மணி பின்னால் மந்தையாக நடப்பதற்கு அவசியம் இல்லை. மெதுவாக நடங்கள், நிழலில் உட்காருங்கள், ஒரு கோவிலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வாருங்கள். கப்பல் கிளம்புவதற்கு இரண்டு மணி முன்பே திரும்பிவிடுங்கள். கைக்கடிகாரத்தில் கப்பல் நேரம் ஓடுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்டர்நெட்டுக்கு வருகிறேன். பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் வற்புறுத்துவார்கள், நாம் இருக்கிறோமா என்று தினம் பார்க்க வேண்டுமாம். இந்த மாதிரி வழித்தடத்தில் ஒரே ஒரு நாள்தான் முழுக்கக் கடல். மற்ற நாளெல்லாம் காலையில் துறைமுகம். பிரெஞ்சு சிம் இருந்தால் இத்தாலி, மால்டா, ஸ்பெயின் மூன்றிலும் வீட்டில் பேசுகிற மாதிரியே பேசலாம். ஒன்றே ஒன்று கவனம். கப்பல் கரையை விட்டதும் கைப்பேசி தானாகவே கப்பலின் சாட்டிலைட் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும், அதற்கு அந்தச் சலுகை கிடையாது, பில் எகிறும். கயிறு அவிழ்க்கும்போதே விமானப் பயண நிலையில் போட்டுவிடுங்கள். ஒரு நாள் பிள்ளைகளோடு பேசாவிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. சைகோனிலிருந்து பெரியப்பாவின் கடிதம் வர மாதக்கணக்கில் ஆகும்.

போட்டோ ஒவ்வொன்றும் 20 யூரோ. சாப்பிடும்போது, இறங்கும்போது, ஏறும்போது, கடற்கொள்ளைக்காரன் வேஷக்காரனோடு என்று எடுத்துத் தள்ளிச் சுவரில் மாட்டிவிடுவார்கள். என் மனைவி ஒன்றே ஒன்றை எடுத்துக்கொண்டாள். கல்யாணப் போட்டோவுக்குப் பிறகு நாங்கள் இருவர் மட்டும் நிற்கிற படம் எங்கள் வீட்டில் கிடையாது. எந்தப் படத்திலும் நடுவே ஒரு பேரக்குழந்தை இருக்கும். அந்த 20 யூரோவுக்கு நான் ஆட்சேபணை எழுதவில்லை. தனி உணவகம், மசாஜ், பற்களை வெளுப்பாக்குவது ஆகிய மூன்றையும் ஒரே வரியில் தள்ளுபடி செய்கிறேன். பல் சொந்தமாக இருந்தால் அல்லவா வெளுப்பாக்க?

இனி, கொடுக்க வேண்டிய காசு. இங்கே இரண்டாவது கட்சிக்காரர்கள் காதைத் தீட்டிக்கொள்ளவும்.

முதலாவது காப்பீடு. கப்பலில் டாக்டர் இருக்கிறார், ஆனால் இலவசம் இல்லை. பார்த்ததற்கும் ஊசிக்கும் தனித்தனியாகப் பில்லில் ஏறும். நிலைமை முற்றினால் அடுத்த துறைமுகத்தில் இறக்கி ஆஸ்பத்திரிக்கு அனுப்புவார்கள், நடுக்கடலில் என்றால் ஹெலிகாப்டர். இந்தியப் பாஸ்போர்ட்டில் போகிறவர்கள் ஷெங்கன் விசாவுக்காகக் குறைந்தது 30,000 யூரோவுக்குக் காப்பீடு எடுத்தே தீர வேண்டும். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் நம் ஊர்க்காரர்கள்தான் 'நமக்கு எதற்கு' என்று விட்டுவிடுகிறார்கள். கப்பல் பயணமும் அவசர இடமாற்றமும் அந்தக் காப்பீட்டில் சேர்ந்திருக்கிறதா என்று படித்துப் பாருங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, பைபாஸ் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதிக் கொடுங்கள். மறைத்தால் கட்டிய காசும் போயிற்று.

இரண்டாவது, அறையின் இடம். தலைசுற்றல் உள்ளவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தை ஒட்டிய அறையைக் கேட்டு வாங்க ஏதாவது கூடுதலாகக் கேட்டால் கொடுக்கலாம். ஊஞ்சல் பலகையின் நடுவில் உட்கார்ந்தவனுக்கும் ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கும் உள்ள வித்தியாசம். மேல்தளமும் கப்பலின் முனையும்தான் அதிகமாக ஆடும்.

மூன்றாவதுதான் சண்டைக்குரியது. பிரெஞ்சில் அதற்குப் பெயர் 'பூர்புவார்'. வார்த்தைக்கு வார்த்தை, குடிப்பதற்கு. எங்கள் கப்பலில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 12 யூரோ சேவைக் கட்டணம் என்று பில்லில் தானாக ஏறியது. ஏழு நாளைக்கு இருவருக்கும் 168 யூரோ. வரவேற்பு மேசைக்குப் போய் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தால் சில கம்பெனிகளில் இதை நீக்கிவிடுகிறார்கள். அப்படி நீக்கிவிட்டு வந்ததைக் காந்தி சிலைக்குக் கீழே உட்கார்ந்து பெருமையாகச் சொல்கிறார்கள். பானப் பேக்கேஜ் ஐந்நூற்றைம்பதுக்கு வாங்கியவரும் அந்தக் கூட்டத்தில் இருக்கிறார்! மதுவுக்குக் கொடுக்கக் கை வந்தது, மதுவை ஏந்தி வந்தவனுக்குக் கொடுக்கக் கை வரவில்லை.

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2006-இல் செய்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை என்று ஒன்று இருக்கிறது, 2013-இல் அமலுக்கு வந்தது. மாலுமிகளைப் பாதுகாக்க வந்த சட்டம், அதைக் குறை சொல்லவில்லை. அதில் உள்ள எண்ணைப் பாருங்கள். வேலை நேரத்துக்கு வரம்பு வைக்கிற நாடு வாரத்துக்கு 72 மணி நேரம் வரை அனுமதிக்கலாம். ஓய்வு நேரத்துக்கு வரம்பு வைக்கிற நாடு வாரத்துக்கு 77 மணி நேர ஓய்வு கொடுத்தால் போதும். வாரத்துக்கு 168 மணி நேரம். கழித்தால் 91 மிஞ்சும். இது பாதுகாப்புக்குப் பிறகு உள்ள நிலைமை. கப்பல்கள் பனாமா, பகாமாஸ், மால்டா என்று கொடியைப் பறக்கவிட்டுக்கொண்டு ஓடுகின்றன. வேலை செய்பவர் பிலிப்பைன்ஸ்காரர், இந்தோனேசியர், கோவாக்காரர். மாதக்கணக்கில் வீட்டைப் பார்க்காமல் உழைக்கிறார்கள். நாம் ஆபீசில் வாரத்துக்கு நாற்பது மணி நேரம்கூட உட்கார்ந்ததில்லை. அதற்கே பஞ்சப்படி உயரவில்லை என்று கொடி பிடித்தோம்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்த பையன் இந்தோனேசியாவிலிருந்து வந்தவன். என் மனைவிக்கு முழங்கால் வலி என்று கேட்காமலே கண்டுபிடித்து, தினம் இரவில் இன்னொரு தலையணை கொண்டுவந்து வைத்தான். அது எந்தப் பேக்கேஜிலும் இல்லை.

"சம்பளம் கொடுக்க வேண்டியது கம்பெனி, நாம ஏன் கொடுக்கணும்?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. டிக்கெட் விலையிலேயே சேர்த்திருக்க வேண்டிய கூலியைத் தனியாக எழுதி, டிக்கெட் மலிவு என்று காட்டுவது கம்பெனியின் தந்திரம். அந்தத் தந்திரத்தை நானும் கண்டிக்கிறேன், கம்பெனிக்குக் கடிதம் எழுதுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் பில்லில் அந்த வரியை அடித்தால் யாருக்கு வலிக்கும்? கம்பெனி முதலாளிக்கா? மளிகைக் கடைக்காரர் மேல் கோபம் வந்தால் மூட்டை தூக்குகிறவரின் கூலியில் கை வைப்போமா?

லஞ்சத்துக்கும் பூர்புவாருக்கும் உள்ள வித்தியாசத்தை முப்பத்தாறு வருஷம் ஆபீசில் இருந்தவன் சொல்கிறேன், கேளுங்கள். லஞ்சம் என்பது உங்களுக்குச் சேர வேண்டியதைக் கொடுப்பதற்கு முன்னால் வாங்குவது. பூர்புவார் என்பது உழைப்பு முடிந்த பிறகு, உழைத்தவனுக்குச் சேருவது. கப்பலில் முன்னுரிமை அட்டைக்குக் கொடுக்கிற காசு முதல் ரகம். சேவைக் கட்டணம் இரண்டாவது ரகம். நம்மவர்கள் முதல் ரகத்தைக் கொடுத்துவிட்டு இரண்டாவது ரகத்தை நிறுத்துகிறார்கள். கட்டணத்தைக் கட்டியதோடு கடைசி நாள் இரவு அந்தப் பையன் கையில் ஓர் உறையும் கொடுத்தோம். எவ்வளவு என்று எழுதுவது அழகில்லை. பிற்பகல் காபியைச் சில நாள் விட்டிருந்தால் மிஞ்சியிருக்கும் தொகைதான்.

ஆகவே கப்பலில் எவனாவது ஒரு தாளை நீட்டினால் மூன்று கேள்வி கேட்டுக்கொள்ளுங்கள். இது இல்லாவிட்டால் என் உடம்புக்கு ஆபத்தா? இந்தக் காசு ஓர் ஆளின் உழைப்புக்குப் போகிறதா? இதே பொருள் கரையில் என் கால் எட்டுகிற தூரத்தில் என்ன விலை? முதல் இரண்டுக்கும் 'ஆமாம்' என்றால் பேரம் பேசாமல் கொடுங்கள். மூன்றாவதில் கரை மலிவு என்றால் 'நோன், மெர்சி' என்று சொல்லிவிட்டு நகருங்கள். அந்த இரண்டு வார்த்தைக்குப் பிரெஞ்சுப் பள்ளிக்கூடம் வேண்டாம், எல்லோருக்கும் வரும்.

கடைசியாகப் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. இதைப் படிக்கும் பெரியவர்கள் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள், அவர்களில் பலருக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது.

கப்பலேறுவதற்கு ஒரு வாரம் முன்பு என் மகள், "அப்பா, நீங்க ஒண்ணுக்கும் யோசிக்கக் கூடாது, எல்லாத்துக்கும் சேர்த்து ஃபோர்ஃபே போட்டுடறேன்" என்றாள். வேண்டாம் என்றேன். முகம் சுருங்கிவிட்டது. "உங்களுக்குச் செய்ய விடவே மாட்டேங்கறீங்க" என்றாள். அவள் மனது எனக்குத் தெரியாதா? வருஷத்தில் பதினொரு மாதம் நம் பக்கத்தில் இருக்க முடியவில்லை என்கிற குறை அந்தப் பிள்ளைகளை அரிக்கிறது. அந்தக் குறையை மொத்தமாகத் தீர்த்துவிடலாம் என்று ஒரு விலை எழுதி வைத்திருக்கிறார்கள், அவர்களும் ஒரு பொத்தானைத் தட்டிவிடுகிறார்கள். கம்பெனி விற்பது சாராயமும் காபியும் இல்லை, பிள்ளைகளின் மனச்சாட்சிக்குச் சமாதானம். அதனால்தான் அது அவ்வளவு விலை.

நான் அவளிடம் சொன்னேன்: "அந்த ஐந்நூத்தி அறுபது யூரோவை எடுத்து வை. லீவு சீசன் இல்லாத மாசத்துல பாரீஸ்-சென்னை போக வர டிக்கெட் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு தடவை கூடுதலா ஊருக்கு வா." பொங்கலுக்குத் தனியாக வந்தாள், பதினைந்து நாள் இருந்தாள். என்ன செய்தாள் என்று கேட்காதீர்கள். அம்மாவோடு பெரிய மார்க்கெட்டுக்குப் போனாள், மொட்டை மாடியில் வடாம் பிழிந்தாள், மாலையில் கடற்கரையில் எங்கள் இருவருக்கும் நடுவே உட்கார்ந்தாள்.

அடுத்த மாதம் கப்பலேறப் போகும் நம் கோஷ்டி நண்பர்கள் இருவருக்கும் என் ஆசீர்வாதம். மருந்தைக் கைப்பையில் வையுங்கள், பெட்டி அறைக்கு வந்து சேரச் சில மணி நேரம் ஆகும். இரண்டு வாரத்துக்குக் கூடுதலாகவே எடுத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் பில்லைக் கொண்டுவாருங்கள். சிவப்பு மை என்னிடம் இன்னும் இருக்கிறது. சேவைக் கட்டண வரி அடிபட்டிருந்தால் மட்டும் என் பக்கத்தில் உட்கார வேண்டாம்.